காட்டில் ஏ.டி.எம். கிடையாது!

பி.காம். படித்தவனுக்குக் கல்யாண மார்க்கெட்டில் மதிப்பு உண்டோ இல்லையோ, டூர் போகிற கும்பலில் தனி மதிப்பு உண்டு. “நீதாம்ப்பா கணக்கு” என்று ஒரு நோட்டைக் கையில் திணித்துவிடுவார்கள். மற்றவர்கள் மானைப் பார்ப்பார்கள். அவன் சில்லறை பார்ப்பான்.

எழுத்தை நம்பி வேலையை விடுவதற்கு முன்னால், 2023 பொங்கல் கழிந்த வாரத்தில், எங்கள் ஆபீஸிலிருந்து ஆறு பேர் டாப்சிலிப், பரம்பிக்குளம் போனோம். ஹெட் கிளார்க் ஸார், ஸ்டோர்ஸ் அண்ணன், டைப்பிங் செக்‌ஷனில் இரண்டு பேர், டெஸ்பாட்ச்சில் புதிதாகக் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்த தம்பி, அப்புறம் நோட்டும் கையுமாக அடியேன்.

ரயிலுக்கும் அறைக்கும் வேனுக்கும் முன்கூட்டியே பணம் கட்டியாயிற்று. பாக்கி இரண்டே ஐட்டம்தான்: சாப்பாடு, சுற்றிப் பார்ப்பது. “இதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம் ஸார்” என்றேன். டூர் பட்ஜெட் எழுதுகிறவன் வாயிலிருந்து வரக்கூடாத வாக்கியம் உலகத்தில் ஒன்று உண்டு என்றால், அது இதுதான்.

நான் சும்மா போகவில்லை ஸார், பட்ஜெட் போட்டுக்கொண்டுதான் போனேன். காலை டிபன் 60, மதியம் 120, ராத்திரி 80, டீ வகையறா 40, ஆக ஒரு நாளைக்குத் தலைக்கு 300 ரூபாய். எங்கள் தெரு மெஸ் விலையை அப்படியே காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான் நான் செய்த முதல் தப்பு.

பொள்ளாச்சியில் இறங்கியதும், “இனிமே காடு. நல்லா ஒரு பிடி பிடிச்சுக்கணும்” என்றார் ஸ்டோர்ஸ் அண்ணன். காலையில் நெய் ரோஸ்ட், பொங்கல் என்று தலைக்கு 110. மதியம் பிரியாணி, சுக்கா என்று 280. முதல் நாள் மதியத்துக்குள்ளேயே 390 ரூபாய் போயே போய்விட்டது. ராத்திரிச் சாப்பாடு மைனஸ் 90-ல் ஆரம்பித்தது.

அங்கிருந்து டாப்சிலிப் சுமார் 35 கிலோமீட்டர். வழியில் சேத்துமடையில் தமிழ்நாட்டு வனத்துறை செக்போஸ்ட். ஆளுக்குக் கட்டணம், வண்டிக்குக் கட்டணம். மறுநாள் ஆனப்பாடியைத் தாண்டினால் கேரளம். அங்கே மறுபடியும் முதலிலிருந்து. பரம்பிக்குளம் இருப்பது பாலக்காடு ஜில்லாவில், ஆனால் நாம் போகிற ரோடு தமிழ்நாட்டுக்குள்ளே. அணை கேரளத்தில், அதைப் பராமரிப்பது தமிழ்நாடு. இந்தப் பெரிய சமாசாரமெல்லாம் எனக்குத் தெரியும். ஒரே காட்டுக்கு இரண்டு கவுன்ட்டர் என்கிற சின்ன சமாசாரத்தைத்தான் நோட்டில் எழுத மறந்துவிட்டேன்.

உள்ளே போனதும் அடுத்த இடி. செல்போனில் சிக்னல் போயிற்று. ‘ஸ்கேன் பண்ணு, அனுப்பு’ என்று பழகிய ஆறு பேரும் பாக்கெட்டைத் தடவினோம். ரொக்கமாகத் தேறியதை நான் எண்ணின வேகத்தைப் பார்த்திருந்தால் பாங்க் கேஷியர் வெட்கப்பட்டிருப்பார். பணம் எடுக்க வேண்டுமென்றால் மலை இறங்க வேண்டும். சாயங்காலம் ஆனால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். யானை வருமே!

சாப்பாட்டுக்கு கேன்டீன்தான் கதி. எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அரிசி முதல் வெங்காயம் வரை கீழேயிருந்து வண்டி ஏறி வர வேண்டுமே, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? ஸ்டோர்ஸ் அண்ணன் மட்டும் ஒவ்வொரு வேளையும் “எனக்கு ரெண்டு ஆம்லெட்” என்பார். நான் மொத்த பில்லை ஆறால் வகுப்பேன். டெஸ்பாட்ச் தம்பி வெறும் சப்பாத்தியோடு எழுந்துவிடுவான். ‘நல்ல பையன், அளவாச் சாப்பிடறான்’ என்று மனசுக்குள் சர்டிஃபிகேட் கொடுத்தேன்.

டாப்சிலிப்பில் ஹ்யூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரியின் சமாதி இருக்கிறது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் தேக்கை வெட்டி, மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால்தான் இந்த இடத்துக்கே டாப்சிலிப் என்று பெயர். அப்படி மொட்டையாகிக்கொண்டிருந்த காட்டில் திரும்பவும் தேக்கை வளர்த்த மனிதர் வுட். 1933-ல் இறந்தார். எடுத்ததைத் திரும்ப வைக்கத் தெரிந்தவர். எங்களைப் போன்ற கணக்கர்கள் கும்பிட வேண்டிய சமாதி! அங்கே போக முதலில் கிளம்பியவனும், வெகுநேரம் நின்றவனும் டெஸ்பாட்ச் தம்பிதான். அதற்கு டிக்கெட் கிடையாது என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் பரம்பிக்குளம். வனத்துறை வண்டியில் சுற்றினோம். மான், மயில், காட்டெருமை, அப்புறம் கன்னிமாரா தேக்கு. சுமார் 7 மீட்டர் சுற்றளவு. நாலைந்து பேர் கைகோர்த்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். எல்லாம் பார்த்தாயிற்று. புலி மட்டும் வரவில்லை. “இன்னொரு ரவுண்டு போனா பார்த்துடலாம்” என்றார் டைப்பிங் செக்‌ஷன்காரர் ஒருவர். நாம் வண்டிக்குத்தான் காசு கொடுக்கிறோம், புலிக்குக் கொடுப்பதில்லை. அது புலிக்கும் தெரியும். நல்லவேளை, மெஜாரிட்டி என் பக்கம் இருந்தது.

கடைசியாக மூங்கில் பரிசல். கவுன்ட்டரில் நின்று, “யார் யார் வர்றீங்க? தலைக்கு இவ்வளவு” என்று கூவினேன். தம்பி என் பக்கத்தில் வந்து, “நான் வரலண்ணே. எனக்குத் தண்ணின்னா பயம்” என்றான்.

“அடச்சீ, இவ்வளவு தூரம் வந்துட்டு!” என்று எல்லோரும் கேலி செய்தோம். அவனும் சிரித்தான். கரையில் உட்கார்ந்து எங்கள் ஐந்து பேர் செருப்புக்கும் காவல் காத்தான். நடுத் தண்ணீரில் மிதந்தபடி நோட்டில் எழுதினேன்: ‘பரிசல், 5 பேர்.’ பக்கத்திலேயே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ‘மிச்சம்’ என்று ஒரு டிக் வேறு!

திரும்பும்போது ரயிலில் பேச்சு சொந்த ஊர்ப் பக்கம் போயிற்று. தம்பிக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். தாமிரபரணி என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“சின்ன வயசுல வெள்ளம் வந்தாகூட விடமாட்டோம்ணே. இந்தக் கரையில குதிச்சா அந்தக் கரையிலதான் எந்திரிப்போம்.”

சொல்லிவிட்டு டக்கென்று நிறுத்திக்கொண்டான். ஆறு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே பார்க்க என்ன இருக்கிறது?

மறுநாள் ஆபீஸில் ஹெட் கிளார்க் ஸார் என்னைத் தனியே கூப்பிட்டார். “ஏன்யா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனே!”

போட்டிருப்பார். தங்கமான மனுஷர். ஆனால் யாராவது அப்படிப் போட்டுவிடுவார்களோ என்று பயந்துதான் ஸார், அந்தப் பையன் தண்ணீருக்குப் பயந்தான்.

தப்பு அவன் பாக்கெட்டில் இல்லை, என் நோட்டில் இருந்தது. ஆறு பேர் எதிரில் கவுன்ட்டரில் நின்று “யார் யார்?” என்று கேட்டால், காசு இருக்கிறவன் கை தூக்குவான். இல்லாதவன் ஒரு பொய் சொல்லுவான். வயிற்றுவலி, தலைசுற்றல், ‘இதெல்லாம் எனக்குப் பிடிக்காது’ என்று நம் கும்பல்களில் நாம் கேட்டிருக்கிற சாக்குகளில் எத்தனை நிஜமோ?

அடுத்த டூருக்கு நோட்டை மாற்றினேன். ஆறு மாசம் முன்பே, சம்பளம் வந்த அன்றைக்கே ஆளுக்கு 500 ரூபாய் வசூல். ஆறு மாசத்தில் தலைக்கு 3,000. இது சாப்பாட்டுக்கும் சுற்றிப் பார்ப்பதற்கும் மட்டும். மூன்று நாள் சாப்பாட்டுக்கு 1,500. இரண்டு மாநில நுழைவுக் கட்டணம், வண்டி, பரிசல் எல்லாவற்றுக்கும் 1,100. அவசரத்துக்கு 400. இந்த மாதிரிக் கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், கிளம்புவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டே எழுதினேன்.

எதைப் பார்ப்பது என்பதையும் ஊரிலேயே முடிவு செய்தோம். போனால் ஆறு பேரும், இல்லையென்றால் ஒருத்தரும் இல்லை. எக்ஸ்ட்ரா ஆம்லெட், இன்னொரு ரவுண்டு புலி ஆகியவை அவரவர் சொந்தப் பணத்தில். பொள்ளாச்சியிலேயே ரொக்கம் எடுத்து, பத்து, இருபது, ஐம்பதாக மாற்றி வைத்துக்கொண்டேன்.

2024 ஜனவரியில் அதே பரம்பிக்குளம், அதே பரிசல் துறை. இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. ஆறு டிக்கெட் வாங்கினேன். தம்பிதான் முதலில் ஏறி, முன்னால் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டான்.

“என்னடா, தண்ணின்னா பயம்னியே?” என்று வம்புக்கு இழுத்தார் ஸ்டோர்ஸ் அண்ணன்.

“பயம்தாண்ணே. ஆனா காசு கட்டியாச்சுல்ல, திருப்பித் தரமாட்டாங்களே!”

ஊர் திரும்பியதும் கணக்கை முடித்து, தலைக்கு 115 ரூபாய் மீதி கொடுத்தேன். ஸ்டோர்ஸ் அண்ணன் மட்டும் முறைத்தார். ஆம்லெட் பாக்கியைக் கழித்துக்கொண்டுதான் அவருக்குக் கொடுத்தேன்!