கழுதை முதுகில் மின்னாளுகை

தேர்தல் வந்தால் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் ஏறுவது வழக்கமான செய்தி. தருமபுரியில் தொழில்நுட்பம் இப்படித்தான் மலையேறியிருக்கிறது. வளரும் நாடுகளின் மின்னாளுகைத் திட்டங்களில் முழு வெற்றி கண்டவை 15 சதவீதம்தான் என்று 2003-இல் கணக்குச் சொன்னார் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு ஹீக்ஸ். திட்டம் தீட்டியவர் நினைத்த ஊர் வேறு, நிஜ ஊர் வேறு என்பது மற்றவை தடுமாறியதற்கு அவர் கண்ட காரணம். இங்கும் அதே கதைதான்: 2020 அக்டோபர் முதல் நம் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகைப் பதிவு. களையெடுத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காதபோது, பாட்டி அதைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். இயந்திரத்துக்குச் சிக்னலும் கிடைக்க வேண்டுமே! மின்னாளுகையை ஆராயும் ஆய்வாளர்களே, ஆன்லைன் கருத்துக்கேட்புப் படிவம் அப்புறம் அனுப்பலாம். முதலில் அந்த ரேஷன் கடை வரிசையில் வந்து நில்லுங்கள்.