பழைய வண்டியும் படித்த கையும்

படித்தவன் என்றால் கையில் கறை படியாதவன் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. பட்டப்படிப்புப் படிக்கும் ஒருவன் ஸ்பேனரைக் கையில் எடுத்தால், "இதற்கா உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினோம்?" என்று கேட்பவர்களே மிகுதி. நான் இங்கே சொல்ல வருவது அந்த எண்ணத்துக்கு நேர்மாறானது. இலட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த சரக்கு வண்டி ஒன்று வீட்டில் இருக்குமானால், அதன் ஆயில்களை மாற்றும் வேலையை அவ்வீட்டாரே செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நாமக்கல் என்றதும் முட்டையும் லாரியும்தான் பிறருக்கு நினைவுக்கு வரும். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரில் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகளும், குட்டியானையோ பிக்கப்போ வைத்துப் பிழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளும் எத்தனையோ பேர். நானும் அவர்களுள் ஒருவன். என் தந்தையார் ஓட்டும் பிக்கப் 2011-ஆம் ஆண்டில் பதிவானது. கைமாறி எங்களிடம் வந்தது. அதன் மீட்டர் இப்போது 3,60,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கொல்லிமலையில் வாழைத்தாரும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு, சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருவதே அதற்குப் பெரும்பாலான நாட்களில் வேலை. வண்டி ஒரு நாள் நின்றால் வீட்டில் அன்றைக்கு வருமானம் இல்லை. எஞ்சினோ கிரவுனோ போய்விட்டால் என் தங்கையின் கல்லூரிப் படிப்பு கேள்விக்குறியாகிவிடும். ஆகவே இது எங்களுக்குப் பொழுதுபோக்கு அன்று.

எஞ்சின் ஆயிலை எல்லோரும் மாற்றுகிறார்கள். கொஞ்சம் முன்பின் ஆனாலும் மாற்றிவிடுகிறார்கள். ஆனால் ஒரு வண்டியில் எஞ்சின் ஆயில் மட்டுமா இருக்கிறது? கியர் பாக்ஸில் ஓர் ஆயில், பின் அச்சிலுள்ள கிரவுனில் ஓர் ஆயில், பிரேக் ஆயில், கிளட்ச் ஆயில், ஸ்டியரிங் ஆயில், ரேடியேட்டரில் கூலண்ட் என்று பல உண்டு. ஒழுகாதவரை இவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்கென்று பெயிண்ட் அடிக்கிறோம், விளக்குகளைச் சரிசெய்கிறோம், ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். கிரவுனுக்குள் எத்தனை ஆண்டுப் பழைய ஆயில் கிடக்கிறது என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் கியர் ஆயிலும் கிரவுன் ஆயிலும் மாற்றியதாகச் சீட்டு எழுதிப் பணம் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்தபின் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கிரவுனின் ஆயில் பிளக்கைச் சுற்றிக் காய்ந்து இறுகிக் கிடந்த மலைச் சேறு அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்டதற்கான அடையாளமே இல்லை. அந்தப் பட்டறைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வாசலில் ஏழெட்டு வண்டிகள் நிற்க, எல்லோரும் அவசரப்படுத்த, வேலைக்கு இருந்த சிறுவன் மறந்திருக்கலாம். ஆனால் மறந்தாலும் மறைத்தாலும் கிரவுனுக்கு விளைவு ஒன்றுதானே!

அடுத்த ஞாயிறன்று நானே மாற்றுகிறேன் என்றபோது, என் தந்தையார், "ஓடற வண்டிய எதுக்குடா நோண்டற?" என்றார். இது அவர் ஒருவரின் சொல் அன்று. ஓட்டுநர்கள் பலரும் நம்பும் ஒரு கொள்கை. பழைய ஆயிலில் உள்ள தூள்தான் தேய்ந்த பல்சக்கரங்களைப் பிடித்து வைத்திருக்கிறது, புது ஆயில் விட்டால் சத்தம் வரும், ஒழுகும் என்பார்கள். தானியங்கி கியர் வண்டிகளைப் பற்றிய ஓர் அச்சம், கையால் கியர் போடும் வண்டிகளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நான் நினைக்கிறேன். நம் பிக்கப்பின் கியர் பாக்ஸில் அப்படிப்பட்ட இரகசியம் எதுவும் இல்லை. இரும்புத் தூள் கலந்த ஆயில் இரும்பைத் தேய்க்கும், அவ்வளவே. தேய்ந்துபோன சீல் வழியாகப் புது ஆயில் கசிந்தால், அந்தச் சீல் முன்பே போய்விட்டது என்று பொருள்.

வேலை கடினமானதன்று. ஆனால் ஒழுங்கு தெரிய வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும். பிக்கப் உயரமான வண்டியாதலால் ஜாக்கி ஏற்றாமலேயே அடியில் நுழையலாம்; ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக்கூடாது. கொஞ்சம் ஓடி வந்த வண்டியாக இருந்தால் ஆயில் இளகி நன்றாக வடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டே வடிக்கும் பிளக்கில் கைவைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் திறக்காத மேல் பிளக் துருவேறி அசைய மறுத்தால், ஆயிலை வடித்துவிட்ட வண்டியில் மறுபடி ஊற்ற வழியில்லாமல் நிற்க நேரிடும். மறுநாள் லோடு காத்திருக்கும்போது இது விளையாட்டான நிலைமை அன்று.

எங்கள் கிரவுனிலிருந்து வடிந்தது தேன் நிறத்தில் இல்லை. தார் போல இருந்தது. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தது. அது மாவு போல வழவழப்பாக இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடையத் தொடங்கிவிட்டது. இந்த வேறுபாட்டை எந்தச் சீட்டும் சொல்லாது, விரல்தான் சொல்லும். நான் இக்கட்டுரையை எழுதக் காரணமே இதுதான். சொந்தமாக ஆயில் மாற்றினால் மிஞ்சும் கூலி சில நூறு ரூபாய். அதை நான் பெரிதாக எண்ணவில்லை. வண்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்ற செய்தி நம் கைக்கு வருகிறதே, அதுதான் இலாபம்.

எஞ்சின் ஆயில் சொல்லும் செய்திகளும் உண்டு. டீசல் வண்டியில் ஆயில் கறுத்தவுடன் கெட்டுவிட்டதாகப் பலர் பதறுகிறார்கள். எரிந்த டீசலின் கரியைத் தன்னுள் தாங்கி வைத்துக்கொள்வது அந்த ஆயிலின் கடமை. மாற்றிய சில நாட்களிலேயே கறுப்பது இயற்கை. பதற வேண்டியது வேறு இடங்களில். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஊற்றாமலே கேஜில் அளவு ஏறியிருந்தால் டீசலோ கூலண்டோ கலக்கிறது. காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் கேஜை உருவிப் பார்ப்பவனுக்கு இவை எஞ்சின் போவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

எந்த ஆயிலை விடுவது என்பதில் கடைக்காரர் சொல்லை மட்டும் கேட்கலாகாது. கிரவுன் சக்கரமும் பினியனும் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டும் சுழல்பவை. அந்தக் கடும் அழுத்தத்தைத் தாங்க ஜி.எல்-5 தரத்து ஆயில் வேண்டும். அதையே கியர் பாக்ஸிலும் விடலாமே என்று தோன்றும். ஆனால் ஜி.எல்-4 கேட்கும் கியர் பாக்ஸில் ஜி.எல்-5 விட்டால், கியர் மாறும்போது வேகத்தை ஒப்பாக்கும் பித்தளை வளையங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இன்னொன்று: 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிக்கேற்ற டீசல் வண்டிகளில், புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைந்த எஞ்சின் ஆயிலே வேண்டும். எங்கள் வண்டிக்கு விடுவதை அண்டை வீட்டுப் புது வண்டிக்கு விட முடியாது. ஆகவே வண்டியோடு வந்த கையேடே இதில் ஆசான். அதைப் படிக்கத்தான் படிப்பு உதவுகிறது.

கிரவுனின் மேல் விரல் நுனி அளவில் ஒரு மூச்சுத்துளை உண்டு. அது சேற்றில் அடைபட்டால், சூடேறி விரியும் காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியே தள்ளும். அந்த ஆயில் அச்சு வழியே பிரேக் டிரம்முக்குள் போய் லைனரை நனைக்கும். ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய இரண்டு நிமிடம் போதும். அதைச் செய்யாவிட்டால் மலை இறக்கத்தில் பின் பிரேக் பிடிக்காமல் போகலாம்.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடி திறவாமலே ஆண்டுக்கு ஆண்டு அதில் நீர் சேர்கிறது. டாட்-3 தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறைவான வெப்பத்தில் கொதிக்கக்கூடாது என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலைக்கு அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடுகிறது. லோடுடன் 70 வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், சக்கரத்தருகே ஆயில் கொதித்து ஆவியாகலாம். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இந்த ஆயிலை, வாங்கிய நாள் முதல் மாற்றாத வண்டிகள் அதே மலையில் ஏறி இறங்குகின்றன. (இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் சொல் வெறும் வழக்கமன்று; எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டால் பிரேக் சூடாகாது.)

கூலண்ட் விஷயத்தில், "நம் ஊரில் பனியா உறைகிறது? தண்ணீரே போதும்" என்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கும் வேண்டியவை. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்புப் படியும். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் யாரும் திறந்துவிட வேண்டாம்.

இதனால் மெக்கானிக்குகளின் பிழைப்பு கெடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். கெடாது. எஞ்சின் பிரிக்கவும், கிளட்ச் தட்டு மாற்றவும், பம்ப் பார்க்கவும் அவர்கள்தான் வேண்டும். பிரேக்கில் காற்று எடுக்கும் வேலையை நாங்கள் இன்றும் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரை வைத்தே செய்கிறோம். நான் பெடலை மிதிக்கிறேன், அவர் நிப்பிளைத் திறந்து மூடுகிறார். உயிரோடு தொடர்புடைய வேலையில் வீறாப்புக் காட்டுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் அருகில் நின்று பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் கூடாது. நல்ல மெக்கானிக் அதற்குச் சினம் கொள்வதில்லை.

நாமே ஆயில் மாற்றுவதில் ஒரு பெருங்கேடும் உண்டு. வடித்த ஆயிலை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றுகிறார்கள், வேலியோரம் கொட்டுகிறார்கள், கரையான் வராமலிருக்க மரத்தில் பூசுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் தீங்குதரும் கழிவுகள் விதிகளின்கீழ் பயன்படுத்திய ஆயிலும் தீங்குதரும் கழிவே. அதைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிக்கச் செய்யும் பொறுப்பை ஆயில் உற்பத்தியாளர்கள்மீது சுமத்தும் விதிகள் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. நாங்கள் பழைய கேன்களில் மூடி வைத்து, பதிவுபெற்ற சுத்திகரிப்பு ஆலைக்குச் சேர்ப்பிக்கும் ஒருவரிடம் கொடுக்கிறோம். கூலண்டைத் தனியாக வைக்கிறோம். இனிப்பாக இருக்கும் அந்த நஞ்சை நாய் நக்கினாலும் பிழைப்பது அரிது. இந்தச் சிரமத்தை ஏற்க முடியாதவர், தாமே ஆயில் மாற்றாமலிருப்பதே ஊருக்கு நல்லது.

என் தந்தையார் லோடுக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களை இப்போது எனக்கு ஒதுக்கியிருக்கிறார். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த ஆயில், எவ்வளவு, வடிந்தது எப்படி இருந்தது என்று எழுதி வருகிறேன். முன்பு நோண்டாதே என்றவர், போன மாதம் அவராகவே, "கிரவுன் ஆயில் பாத்து ரொம்ப நாளாச்சே, தம்பி" என்றார்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தார் ஆண்டுதோறும் ஏழு நாள் முகாம் நடத்துகின்றனர். அதில் ஒரு முற்பகலை இதற்கென ஒதுக்கலாம். முகாம் நடக்கும் ஊரில் சொந்த வண்டி வைத்திருப்போரை அழைத்து, ஒரு நல்ல மெக்கானிக்கையும் வரவழைத்து, கேஜ் பார்ப்பது முதல் கிரவுன் ஆயில் மாற்றுவது வரை செய்து காட்டலாம். பிரேக் ஆயில் ஏன் கொதிக்கிறது என்பதை இயற்பியல் துறையினர் எங்களைவிடத் தெளிவாக விளக்குவர். பழைய ஆயிலைச் சேர்க்க நான்கு கேன்கள் வேண்டும். செய்து காட்ட ஒரு பழைய வண்டி வேண்டுமே என்று பேராசிரியர்கள் தயங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் எங்கள் பிக்கப்பைத் தருவதாகத் தந்தையார் ஒப்புக்கொண்டிருக்கிறார்.