பெரிய பெட்டி ராத்திரிதான் வரும்

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பலின் பெயர் ‘சிவகங்கை’. நம் சீமையின் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு கப்பல் கடலில் போகிறது என்று படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் 2022 ஜூனிலேயே கிளம்பிவிட்டது. அடுத்த வருஷம் அது இலங்கைத் துறைமுகங்களுக்கும் போய் வந்தது. விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவரும் கப்பலில் ஏறுகிறவர்களும் நம் ஊர்களில் கூடிவிட்டார்கள். அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளைகள் டிக்கெட்டை நீட்டிவிடுகிறார்கள்.

கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “என்னென்ன எடுத்துவைக்க?” பெரிய பெட்டியில் உங்களுக்குப் பிடித்ததை எல்லாம் வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. தோளில் மாட்டுகிற பையில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

ஏனென்றால் உல்லாசக் கப்பலில் பெட்டி நம்மோடு வராது. துறைமுகத்து வாசலிலேயே அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஸ்கேன் ஆகி, தளம் தளமாகப் பிரிந்து, அறை வாசலுக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகும், சில நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரமும் தாண்டும். நாம் மத்தியானமே ஏறிவிடுவோம். அந்த ஆறேழு மணி நேரம் கையில் இருப்பதுதான் சொத்து.

எங்கள் உறவில் ஒரு ஆச்சி, சர்க்கரைக்காரர். மாத்திரைகளை ஒழுங்காக ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை மூன்று சேலைகளுக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றிப் பெரிய பெட்டியின் அடியில் வைத்திருந்தார். பெட்டி வரும்போது ராத்திரி ஒன்பது. சாப்பாட்டுக்கு முந்திப் போடவேண்டிய மாத்திரையும் இல்லை, சாப்பிடாமலும் இருக்க முடியவில்லை. தலை சுற்றல் சர்க்கரையாலா, கப்பல் ஆட்டத்தாலா என்று கூட இருந்தவர்களுக்கும் புரியவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது. ஆனாலும் அந்த ஒரு ராத்திரி அந்தப் பயணத்தையே கெடுத்துவிட்டது.

கடல் கடந்து தொழிலுக்குப் போன நம் செட்டிநாட்டு ஐயாக்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிப்போன ‘ரஜூலா’ 1926-இல் கட்டப்பட்ட கப்பல். அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அது ஓடியது. பெரும்பாலோர் மேல்தளத்துப் பயணிகள். பாயை விரித்த இடம்தான் அறை, தலைமாட்டில் இருக்கும் தகரப் பெட்டிதான் அலமாரி. செம்பு, போர்வை, திருநீற்றுப் பை, மாற்று வேட்டி எல்லாமே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. மூன்று வருஷத் தவணையான ‘கணக்கு’க்குப் போகிறவர், வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது என்று தெரிந்து எடுத்துவைத்தார். போய் இறங்கியபின், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியிலும் அவருக்கு வாய்த்தது ஒரு பாய் அகலமும் ஒரு பெட்டியும்தான். பையனாகச் சேர்ந்தவனுக்குப் ‘பெட்டியடிப் பையன்’ என்றே பெயர். ரங்கூனிலும் பினாங்கிலும் கோடிக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் நடத்தினார்கள். எது அவசியம், எது ஆசை என்று அவர்களுக்கு இருந்த தெளிவை நான் மனதார மதிக்கிறேன். ரஜூலாவுக்குப் பிறகு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு நமக்கும் கடலுக்கும் இருந்த பழைய போக்குவரத்து முடிந்தது. கப்பலில் எப்படிப் போவது என்ற பழக்கமும் ஒரு தலைமுறைக்கு விட்டுப்போயிற்று. இப்போது எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் மருந்து. பயண நாட்களுக்கு மேல் நான்கு நாளைக்குச் சேர்த்து, அட்டையைப் பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு. சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் மூலப்பெயரும் இருக்க வேண்டும், வெளியூர் டாக்டருக்கு அதுதான் புரியும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை விமானத்தில் பெரிய பெட்டிக்குள் வைக்கவே கூடாது. அங்கே குளிரில் உறைந்தால் மருந்து கெட்டுவிடும். தூக்க மாத்திரையோ, கொடைன் கலந்த இருமல் மருந்தோ எடுத்துப்போகிறவர்கள் சிங்கப்பூர் விதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், சிலவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். கப்பல் ஆட்டத்துக்கான மாத்திரையைக் குமட்டல் வந்தபிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை, முன்பே போட வேண்டும். கண்ணில் அழுத்தம் உள்ளவர்களும் புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம். ஆட்டம் அதிகமானால் கப்பலின் நடுப்பகுதிக்கு வந்து தூரத்தில் கடலும் வானும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

பிறகு காகிதங்கள். பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், காப்பீடு. சிங்கப்பூரில் ஏறி வேறு நாடு போய்ச் சிங்கப்பூருக்கே திரும்பி வருகிறவர்களுக்கு, ஒரு தடவை மட்டும் நுழையும் விசா போதாது. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வேறொரு உறையில் வையுங்கள். செல்போனில் படம் இருக்கிறதே என்பார்கள். கடல் நடுவில் சிக்னல் இருக்காது, சார்ஜும் தீரும். பவர்பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், விமானத்தில் பெட்டிக்குள் போட அனுமதி இல்லை. மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவிக்கு மாற்று பேட்டரி, ஒரு சால்வை இவையும் கூடவே இருக்கட்டும். கப்பலுக்குள் ஏ.சி. குளிர் நம் உடம்புக்கு ஒத்துவராது. வைரத்தோடு காதில் இருந்தால் காதில், இல்லையென்றால் வீட்டு லாக்கரில். பெட்டியில் மட்டும் வேண்டாம்.

ஏறியவுடன் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரத்தில் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ அந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்ற சர்வதேச விதி 2015-இல் வந்தது. பெட்டி வரவில்லையே என்று அறை வாசலில் காத்து நிற்காமல் போய்க் கலந்துகொள்ளுங்கள். உயிர்காப்பு உடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது எல்லாச் சாமான்களையும்விட முக்கியம்.

பலகாரம் பற்றிக் கேட்பார்கள். மணகோலமும் சீப்புச்சீயமும் இல்லாமல் நம்மவர்களுக்குப் பயணம் ஏது! ஆனால் பெரும்பாலான கப்பல்களில் வீட்டில் செய்த தின்பண்டத்துக்கு அனுமதி கிடையாது, கடையில் வாங்கிப் பிரிக்காத பாக்கெட் என்றால் விடுவார்கள். சுடுதண்ணீர் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்ளப்படும். வெற்றிலைப் பழக்கம் உள்ள ஐயாக்களுக்கு ஒரு சொல்: வாயில் போடும் புகையிலை சிங்கப்பூரில் சட்டப்படி தடை. பையில் தெரியாத்தனமாகக்கூட ஒரு பொட்டலம் இருக்க வேண்டாம்.

கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியாருக்கு, 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில்தான் காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் வந்தது. உலகம் சுற்றிப் பழைய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-இல் அந்தப் படத்தை வெளியிட்டார். அதை நினைத்துத்தான் சொல்கிறேன், பையில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள்.  பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து பினாங்கு வீதிக்கு நடந்தே போய்விடலாம். நம்மவர்களின் கிட்டங்கிகள் இருந்த வீதி அது. அங்கே நின்று பார்த்ததை அன்றைக்கே எழுதிவைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சும்.

எல்லோரும் மறக்கிற ஒன்று கடைசி ராத்திரி. பெட்டியைப் படுக்கும் முன்பே அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், மறுநாள் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். மறுநாள் உடுத்தும் துணி, செருப்பு, பல் துலக்கும் பிரஷ், காலை மாத்திரை எல்லாம் கைப்பைக்கு மாறியாக வேண்டும். ஏறும் நாளுக்கு அடுக்கியதுபோலவே இறங்கும் நாளுக்கும் ஒருமுறை அடுக்குங்கள்.

மே மாத விடுமுறைக்குப் பதிவு செய்திருப்பவர்கள் ஒரு வாரம் முன்பே பையை நிரப்பி, தோளில் மாட்டிக்கொண்டு, முகப்பிலிருந்து பின்கட்டு வரை இரண்டு தடவை நடந்து பாருங்கள். தோள் வலித்தால் எதை வேண்டுமானாலும் வெளியே எடுங்கள், மருந்தை மட்டும் எடுக்காதீர்கள்.