ஒரே அலை, பாதி பரிசு

1980களின் நடுவில், 16 வயதில், ஃப்ளோரிடாவில் இருந்த தன் வீட்டைவிட்டு ஓடிப்போனார் லிஸா ஆண்டர்ஸன். அம்மாவுக்கு எழுதி வைத்த கடிதத்தில் காரணம் இருந்தது: பெண்கள் ஸர்ஃபிங்கில் உலக சாம்பியன் ஆகப்போகிறாராம். அப்படியொரு பட்டம் உண்டா என்பதுகூட அப்போது அவருக்கு நிச்சயமில்லை. போய்ச் சேர்ந்த இடம் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் கடற்கரை. ஆரம்பத்தில் படுக்கையும் அங்கேதான்.

1993இல் மகள் பிறந்தாள். அடுத்த ஆண்டே உலகப் பட்டம். 1997 வரை தொடர்ந்து நான்கு முறை. 1996இல் 'ஸர்ஃபர்' பத்திரிகை அவரை அட்டையில் போட்டு, 'உங்களைவிட இவர் கெட்டிக்காரர்' என்கிற ரீதியில் ஆண் வாசகர்களைச் சீண்டியது.

புகழ் சரி, பணம்? 2018 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் பாலிட்டோ ஜூனியர் போட்டியில் வென்ற பையனும் பெண்ணும் ராட்சதக் காசோலைகளுடன் நின்ற படம் உலகைச் சுற்றியது. அவனுக்கு 8,000 ராண்ட், அவளுக்கு 4,000. கண்டனங்கள் குவிந்தன. அந்த செப்டம்பரில், 2019 முதல் தன் போட்டிகளில் இரு பாலருக்கும் சமப் பரிசு என்று அறிவித்தது உலக ஸர்ஃப் லீக்.

ஓடிப்போன பெண் உலகப் பட்டத்தைப் பிடிக்கப் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. அவர் வழியில் வந்தவர்களுக்குச் சமமான காசோலை கிடைக்க அதற்குமேல் 25 ஆண்டுகள்.