பழைய தட்டும் பழைய கருவியும்

எம் தந்தையார் விட்டுச்சென்ற இசைத்தட்டுக்களை மீண்டும் கேட்கும் ஆசை சென்ற ஆண்டு நம்மைப் பற்றிக்கொண்டது. பெட்டியின் மெருகில் மயங்கி, பிறர் பாவித்த கருவியொன்றை வாங்கினோம். ஊசி தேய்ந்திருந்ததை யார் கண்டார்? எம். எஸ். அவர்களின் தட்டொன்று சில நாட்களிலேயே இரைச்சலாயிற்று. தேய்ந்த ஊசி கீறிய வரிப்பள்ளத்தை எந்த வித்தகனாலும் செப்பனிட இயலாது.

ஆதலின், வாங்க எண்ணும் அன்பர் முதலில் ஊசியைப் பார்ப்பாராக. வைர ஊசியும் ஏறக்குறைய 1,000 மணி நேரத்தில் தேய்ந்துவிடும். அது எத்தனை மணி நேரம் பாடிற்றென்று விற்பவர் சொல்லார். புதிய ஊசி கிடைக்குமா என விசாரித்து, அதன் விலையையும் மனத்திற்கொண்டே பேரம் பேசுதல் நன்று. அடுத்தது, ஊசி பொருத்திய கை. விரலால் மெல்லத் தள்ளத் தடையின்றி நகரவேண்டும். மூட்டில் ஆட்டம் இருத்தலாகாது. றப்பர் வார் நெகிழ்ந்திருப்பின் அஞ்சற்க. அது சிறு செலவே. 1972 இல் யப்பானில் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 க்கு வாரே கிடையாது. மோட்டார் நேரே தட்டைச் சுழற்றும். விலைதான் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது!

பாட்டனார் காலத்து 78 சுற்றுத் தட்டுக்களும் வீட்டில் உளவெனின், அவற்றின் பள்ளம் அகலமானது. வேறு ஊசி வேண்டும்.

நமது இரண்டாவது கருவியின் மூடி வெடித்தது. ஆயினும் ஊசி புதியது. அந்த எம். எஸ். தட்டை இரைச்சலோடுதான் வெள்ளி மாலைகளில் கேட்டுவருகிறோம்.