டர்போ காரை விக்கிறவரே, வாயைத் திறங்க!

சொந்தமா ஒரு ஓட்டை சைக்கிள் மட்டும் வச்சிருக்கிறவன் டர்போ கார் விக்கிறதைப் பத்தி எழுதுறான்னு சிரிக்காதீங்க :-) காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதுல நல்ல பாடம் இருக்கு.

பிரிட்டனை எடுத்துக்குங்க. 1995ல காலின் மெக்ரே சுபாரு இம்ப்ரெஸால உலக ராலி சாம்பியன் ஆனார். அந்தக் கார் மேல அங்க பல பேருக்குத் தனிக் கிறுக்கு. வாங்குவாங்க, எக்ஸாஸ்ட்டை மாத்துவாங்க, என்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணி டர்போ பூஸ்ட்டை ஏத்துவாங்க. விக்கிற நாள் வந்ததும் சில பேர் எல்லாத்தையும் கழட்டிட்டு, பழையபடி கம்பெனி பார்ட்ஸையே மாட்டி, கமுக்கமா வித்துடுவாங்க.

கழட்டுறது தப்பில்லங்க. தனியா வித்தா அதுக்கும் காசு வரும். ஆனா பார்ட்ஸைக் கழட்டலாம், என்ஜின் பட்ட அடியைக் கழட்ட முடியுமா? சரியா டியூன் பண்ணாம பூஸ்ட்டை ஏத்தினா, சிலிண்டருக்குள்ள பெட்ரோல் கண்ட நேரத்துல வெடிச்சு, பிஸ்டன்ல ரிங் உக்கார்ற இடமே விரிசல் விடலாம். வெளியில பார்த்தா பளபளன்னுதான் இருக்கும். சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கின பையன் ரெண்டு மாசத்துல நடுரோட்டுல நிப்பான்.

சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. அங்க டீலர்கிட்ட வாங்கினா, 2015ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வண்டி திருப்தியான தரத்துல இருக்கணும். தனி ஆள்கிட்ட வாங்கினா அந்தப் பாதுகாப்பு கிடையாது. கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னா மாட்டலாம். கேக்காததைச் சொல்லாம இருந்தா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம்.

"சட்டமே விட்டுடுச்சு, நான் ஏன் வாயைத் திறக்கணும்?"

1970ல ஜார்ஜ் ஆக்கர்லாஃப் எழுதின கட்டுரையிலேயே இதுக்குப் பதில் இருக்கு. பழைய கார் சந்தையில எது நல்லது, எது ஓட்டைன்னு வாங்குறவருக்குத் தெரியாது. அதனால எல்லா வண்டியையும் குறைச்சே கேப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வச்சிருக்கிறவர் விக்காம ஒதுங்கிடுவார். கடைசியில சந்தையில மிஞ்சுறது ஓட்டைதான். இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் 2001ல இன்னும் ரெண்டு பேரோட சேர்த்து அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைச்சது. ஆக, ஒருத்தர் மறைச்சா, ஒழுங்கா ஆயில் மாத்தி வச்சிருக்கிற அடுத்தவர் வண்டிக்கும் விலை விழுது.

அதனால என் கட்சி இதுதான். என்னென்ன மாத்தினீங்க, ரீமேப் எங்க பண்ணினீங்க, எப்ப சர்வீஸ் விட்டீங்க, எல்லாத்தையும் பில்லோட காட்டுங்க. வாங்குறவர் கூட்டிட்டு வர்ற மெக்கானிக்கைக் கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ண விடுங்க. கழட்டின கம்பெனி பார்ட்ஸ் பரண்ல கிடந்தா அதையும் எடுத்துக் கொடுங்க. மாத்துறதுக்குப் போட்ட காசு முழுசா திரும்பாது. அது நீங்க ஓட்டி அனுபவிச்ச சந்தோஷத்துக்கு ஆன செலவு. அதை வாங்குறவர் தலையில கட்டாதீங்க.

உண்மையைச் சொன்னா ரெண்டு பேர் வாங்காம போவாங்க, போகட்டும். மூணாவதா வர்றவர் எல்லாம் தெரிஞ்சே வாங்குவார். அப்புறம் அவர் நம்பர்ல இருந்து போன் வந்தா, நீங்க தைரியமா எடுக்கலாம்.