குழாயடியில் நின்று கேட்போம்!

ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் வந்துவிட்டால் அச்சுக்கூடங்களுக்கு ஓய்வில்லை. மேயர் பதவிக்கு ஆசைப்படுகிறவர் ஒரு நோட்டீஸ் போடுகிறார். நகராட்சித் தலைவர் பதவிக்கு ஆசைப்படுகிறவரும் ஒரு நோட்டீஸ் போடுகிறார். குடிதண்ணீர் தருவோம், சாக்கடை கட்டுவோம், குப்பை அள்ளுவோம், தெருவிளக்கு போடுவோம் என்று எல்லாவற்றிலும் ஒரே பாட்டுத்தான். தலைப்பில் உள்ள பெயரை மாற்றிப் போட்டாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது!

அப்படியானால் பாட்டாளி மக்கள் வேட்பாளரை எதை வைத்து எடை போடுவது? மூன்று கேள்விகள் போதும். முதலில் எது? செலவு யார் தலையில்? வேலை செய்யப் போகிறவர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத ஜாபிதா வெறும் காகிதம்தான்.

பென்னலூரை எடுத்துக்கொள்வோம். சென்னை-பெங்களூர் ரோட்டின் மேல் உள்ள ஊர். பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை சிப்காட். அதற்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். இந்த வட்டாரத்தில் செய்யப்படும் காரும் செல்போனும் கப்பலேறி உலகமெல்லாம் போகின்றன.

சென்னை கோயம்பேட்டில் சாக்கடை நீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தண்ணீர் தரக்கூடிய நிலையம் 2019-ல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் குழாய் வழியே இந்தச் சிப்காட் ஆலைகளுக்கு வருகிறது. இதை நாம் குறை கூறவில்லை. ஆலைக்குச் சுத்திகரித்த நீரைக் கொடுத்தால் ஏரித் தண்ணீர் மனிதர் குடிக்க மிஞ்சும். நல்ல திட்டமே. ஆனால் ஒன்று கேட்கிறோம். ஆலைக்குத் தண்ணீர் வேண்டும் என்றதும் நகரத்தின் நடுவிலிருந்து குழாய் போட முடிந்தது. அதே ஆலையில் இரவு ஷிப்டு முடித்து லைன் வீட்டுக்குத் திரும்பும் தொழிலாளி கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறானே, அவன் வாசலுக்கு ஏன் குழாய் வரவில்லை?

வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். அதுவும் வரவேற்கத் தக்கதே. சர்க்கார் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பணமில்லை, வழியில்லை என்ற பேச்சை இனி யாரும் நம்மிடம் பேச வேண்டாம்!

ஆகவே முதல் கேள்வி: முதலில் எது? குடிதண்ணீர் முதலில். கழிப்பிடமும் சாக்கடையும் அடுத்து. பிறகு குப்பை. பிறகு ஷிப்டு விட்டு வரும் பெண்கள் இறங்கும் பஸ் நிறுத்தத்தில் விளக்கு. பூங்காவும் நீரூற்றும் அலங்கார வளைவும் அதற்கப்புறம்தான். இந்த வரிசை ஏன்? குடிதண்ணீரில் சாக்கடை கலந்தால் காமாலையும் பேதியும் வரும். தினக்கூலிக்காரன் ஒரு வாரம் படுத்தால் ஒரு வாரக் கூலி போயிற்று. சாக்கடை கட்டாமல் ரோட்டை மட்டும் உயர்த்தினால் மழை வெள்ளம் குடிசைக்குள் புகும். வரிசை தப்பினால் கஷ்டம் ஏழைக்குத்தான்.

இரண்டாவது கேள்வி: செலவு யார் தலையில்? தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ந் தேதி வாக்குப்பதிவு நடந்தது. மார்ச் 4-ந் தேதி மேயர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஏப்ரல் பிறந்ததும் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. 25 சதவிகிதத்திலிருந்து 150 சதவிகிதம் வரை உயர்வு! பதினைந்தாவது நிதிக் கமிஷன் விதித்த நிபந்தனை என்று மாநில சர்க்கார் காரணம் சொன்னது. இருக்கட்டும். ஓட்டுக் கேட்டு வந்தபோது எந்த நோட்டீசில் இது இருந்தது? வீட்டுக்காரர் மேல் போட்ட வரி வாடகையாக மாறி, வீடில்லாத தொழிலாளியின் தலையில்தான் இறங்குகிறது.

கடல் கடந்து நியூயார்க்கைப் பாருங்கள். 2025-ல் அங்கே மேயர் பதவிக்கு நின்ற ஜோஹ்ரான் மம்தானி வாடகை உயர்வைத் தடுப்பேன், பஸ் பிரயாணத்தை இலவசமாக்குவேன், குழந்தைப் பராமரிப்பை எல்லோருக்கும் தருவேன் என்றார். பணம் எங்கே என்று கேட்டார்கள். வருஷம் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறவர்கள் கூடுதலாக இரண்டு சதவிகிதம் வரி கட்டட்டும் என்று தேர்தலுக்கு முன்பே பகிரங்கமாகச் சொன்னார். நவம்பரில் வென்றார். அந்த வரியைப் போடும் அதிகாரம் மேயர் கையில் இல்லை, மாநில சர்க்கார் கையில் இருக்கிறது என்பது உண்மையே. என்றாலும் யார் கொடுக்க வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. நம் ஊர் வேட்பாளர்களும் அவ்வாறு சொல்லட்டும்!

இங்கேயும் தடை உண்டு. 1992-ல் செய்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகரசபைகளுக்குரிய 18 பொறுப்புகளை வரிசையாக எழுதி வைத்தது. அதற்கேற்ற பணமும் அதிகாரமும் கூடவே வரவில்லை. தொழில் நகரியம் என்று அறிவித்து ஒரு பகுதியை நகரசபைக்கு வெளியே நிறுத்தவும் அதே சட்டத்தில் வழி உண்டு. லாபம் வேலிக்குள்ளே, குப்பையும் கூட்டமும் வேலிக்கு வெளியே என்றால் அது நியாயமா?

மூன்றாவது கேள்வி: வேலை செய்யப் போகிறவர் யார்? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டிடத்தின் முன்னால் நடந்ததை மறக்க முடியாது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக அங்கே உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13-ந் தேதி இரவு, ஹைகோர்ட் உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. சுத்தமான நகரம் என்று நோட்டீசில் எழுதுகிறவர், அந்த நகரத்தைச் சுத்தம் செய்யும் கைகளுக்கு நிரந்தர வேலை உண்டா என்பதையும் எழுத வேண்டும். கான்ட்ராக்டரின் லாபமும் தொழிலாளியின் கூலியும் ஒரே பணத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்று கூடினால் மற்றது குறையும்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நமது ஜில்லாவில் காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சியாயிற்று. ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சி நகராட்சியாக உயர்த்தப்பட்டது. நகரம் கிராமத்தை நோக்கி வருகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் பல கிராமங்களில், எங்கள் ஊராட்சியை நகரத்தோடு சேர்க்காதே என்று ஜனங்கள் கிளர்ந்தார்கள். ஏன்? கிராமப்புற வேலைத் திட்டம் நகரத்துக்குக் கிடையாது. கிடைத்து வந்த வேலை போகும், வரி ஏறும், தண்ணீர் எப்போது வரும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நகரம் வரட்டும். ஆனால் குழாய் முதலில் வரட்டும், வரி நோட்டீஸ் பிறகு வரட்டும்!

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே மேயராகப் போகிறவர் நம் தெருவுக்கு வருவார் என்று காத்திருக்க வேண்டாம். வார்டு வேட்பாளர் வருவார். அவரைக் குழாயடியில் நிறுத்தி, இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

தேர்தல் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22 தண்ணீர் தினமும் உண்டு, நமது மே தினமும் உண்டு. ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் அங்கே ஒன்றாய்ப் போகட்டும். எந்தத் தெருவில் குழாய் இல்லை, எந்தச் சேரியில் சாக்கடை இல்லை என்று கணக்கெடுத்துக்கொண்டு போகட்டும். தண்ணீரே முதல் வேலை என்று தீர்மானம் கொண்டு வந்து, அது புத்தகத்தில் ஏறும் வரை இடத்தைவிட்டு நகராமல் இருக்கட்டும். நாளை ஓட்டுக் கேட்டு வருகிறவர் முன்னால் அந்தத் தீர்மானத்தை நீட்டுவோம். அதுதான் நம்முடைய நோட்டீஸ்!